நேராக்கிய படம்

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் ஒரே அலுவலகத்திலும் வேலை பார்க்க நேர்ந்தால், அதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம். இளையவள் நான்கு வருடமாக அந்தத் தண்டனையை அனுபவித்து வருகிறாள். வீட்டில் அவள் கழுவிவைத்த பாத்திரத்தை மூத்தவள் மறுபடி கழுவுவாள். அலுவலகத்தில் அவள் வரைந்த படத்தில் குறை கண்டுபிடிப்பாள்.

படம் என்றால் சிப்புக்கான படம். கணினித் திரையில் 'கேட்' என்ற சின்னச் சின்ன உருவங்களை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. இரண்டு கோடுகள் குறுக்கே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தால்தான் இரண்டும் ஒட்டியதாகக் கணக்கு. இளையவளின் கேட்டுகள் மேலும் கீழுமாகக் கோணல்மாணலாக நிற்கும், ஆனால் சொன்ன வேலையைச் செய்யும். மூத்தவளுக்கோ எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அன்று சாயங்காலத்துக்குள் படம் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கடைசியாக ஒருமுறை சோதனை ஓட்டம் போட்டார்கள். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு. காலையில் ஒழுங்காக ஓடிய இளையவளின் பகுதிதான் அத்தனைக்கும் காரணம்.

மேலாளர் வந்து நின்றார்.

"யார் பண்ண தப்போ, அவங்களுக்கு இனிமே டிசைன் வேலை கிடையாது. உக்காந்து கையேடு எழுதட்டும்."

மிரட்டலுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். உலகத்தில் இளையவளுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

"சாப்பிடப் போனப்ப யாரோ என் படத்தைத் தொட்டிருக்காங்க, சார்."

யார் எப்போது மாற்றினார்கள் என்று கணினி வைத்திருக்கும் பதிவை மேலாளர் பார்த்தார். "மத்தியானம் மாத்தினது உங்க பேர்லதாம்மா இருக்கு."

திரையைப் பூட்டாமல் எழுந்துபோனது அவள் புத்திகெட்டத்தனம்தான். மூத்தவள் அந்தச் சந்தர்ப்பத்தை விடுவாளா?

"நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், சார். இவளுக்கு ஒரு கேட்டைக்கூட நேரா வைக்கத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் வச்சதில்ல. வீட்லயும் இப்படித்தான், எதை எடுத்தாலும் அலங்கோலம்."

இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிவந்த கோட்டின் பின்னாலேயே தொடர்ந்து போனாள். அது ஒரு கேட்டில் கம்பி சேரும் காலில் போய் நின்றது. அங்கே அவள் வைக்காத ஒரு புள்ளி. அந்த மென்பொருளின் குணம் அது: கேட்டை நகர்த்தினால் கோடுகள் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கூடவே வரும், இறக்கி வைக்கிற இடத்தில் அதன் கால் வேறொரு கோட்டின் மேல் பட்டுவிட்டால், யாரையும் கேட்காமல் தானே புள்ளி வைத்து ஒட்டிவிடும். யாரோ அந்தக் கேட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

அதை மட்டுமா? அவள் படத்தைச் சுருக்கி முழுப் பக்கத்தையும் காட்டினாள். எல்லாக் கேட்டுகளும் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றன.

"இதை நான் வரைஞ்சிருப்பேனா, சார்? அக்கா இப்பதான் சொன்னாங்க, எனக்கு ஒரு கேட்டைக்கூட நேரா வைக்கத் தெரியாதுன்னு."

மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அழகா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தாள். "புள்ளி விழுந்ததைக் கவனிக்கல, சார்."

"அப்ப நாளைலேர்ந்து நீங்க கையேடு எழுதுங்க" என்றார் மேலாளர்.

மூத்தவள் சட்டென்று இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது சொல்லேன்டி. ஒரே குடும்பம் இல்லையா நாம?"

குடும்பம்! இளையவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையை விடுவித்துக்கொண்டாள்.

"அக்கா எங்கயும் போக வேண்டாம், சார். என் பக்கத்து மேசையிலேயே இருக்கட்டும். நான் வரையறதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேணும்."

மூத்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா பார்க்கிற அனுமதி மட்டும் குடுங்க. எதையும் நகர்த்த முடியக் கூடாது."

மேலாளர் தலையாட்டினார்.

மறுநாள் காலை இளையவள் ஒரு புதுக் கேட்டை எடுத்து, பக்கத்துக் கேட்டுக்கு ஒரு கட்டம் கீழே வேண்டுமென்றே வைத்தாள். பக்கத்து மேசையில் மௌஸ் டக்கென்று ஒலித்தது. மறுபடி ஒலித்தது. கேட் அசையவில்லை.

"அதைக் கொஞ்சம் மேல தூக்கேன்டி" என்றாள் மூத்தவள், கெஞ்சாத குறையாக.

இளையவளுக்குக் கொஞ்சங்கூடப் பாவமாக இல்லை. அடுத்த கேட்டை இரண்டு கட்டம் கீழே வைத்தாள்.