கணவர் வயது 20000

“பெத்த புள்ளைய உள்ள தூங்க வச்சிட்டு, எங்களுக்கு வெளிய கேசரி குடுக்கிறியா?” என்று செல்லாயி சத்யப்பிரியாவைக் கேட்டாள்.

செல்லாயி மாப்பிள்ளையின் அம்மா. சிதம்பரத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் பெண் பார்க்க வந்தவள், இரண்டு தட்டு கேசரியை வழித்து முடித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்ட பிறகும் காராபூந்தியைக் கீழே வைக்கவில்லை.

தூக்கம் கலைந்து எழுந்துவந்த ஐந்து வயது இலக்கியா, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேரையும் பார்த்தாள். சத்யப்பிரியா குனிந்து மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“மறைக்கலைங்க. ப்ரொஃபைல்லயே எழுதியிருக்கேன்.”

“எங்க எழுதிக் கிழிச்ச? எடுத்துக் காட்டுடா ஸ்ரீதர்.”

மாப்பிள்ளை ஸ்ரீதர் போனை நீட்டினான். சிதம்பரம் திருமணத் தகவல் நிலையம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. பெயர், நட்சத்திரம், உயரம், நிறம். கடைசியில் ‘என்னைப் பற்றி’ என்ற தலைப்பின் கீழே இவ்வளவுதான் இருந்தது: கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கணவர் வயது 20000.

சத்யப்பிரியா தன் போனில் அந்த நிலையத்தின் இணையதளத்தைத் திறந்தாள். அங்கே அவள் எழுதியது எழுதியபடி இருந்தது. கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள், குறைவு, அதிகம் என்று எழுதச் சோம்பல்பட்டுக் குறியைப் போட்டிருந்தாள்.

‘கணவர் வயது < 40. நான் விவாகரத்து ஆனவள். ஐந்து வயதில் மகள் இருக்கிறாள், என்னுடனேயே இருப்பாள். வருமானம் > 20000.’

“இப்பதான் அடிச்சு ஏத்தியிருப்பா, யாருக்குத் தெரியும்” என்றாள் செல்லாயி.

இருபதாயிரம் வயதில் ஒருத்தி மாப்பிள்ளை தேடுகிறாளே என்று அந்தக் குடும்பத்தில் ஒரு ஜீவனுக்குத் தோன்றவில்லை. செல்லாயி, அவள் அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, பி.காம். படித்து வங்கியில் வேலை பார்க்கும் ஸ்ரீதர் எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள். நிறம் என்ன என்பதை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்திருப்பார்கள்.

கார் ஊர் போய்ச் சேர்வதற்குள், ‘கடலூர் பொண்ணு, புள்ளைய மறைச்சு ஏமாத்தப் பாத்தா, ஜாக்கிரதை’ என்று செல்லாயி சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். அது கை மாறிக் கை மாறி அன்றைக்கே சத்யப்பிரியாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது. பார்க்கிற வீட்டிலெல்லாம் மகள் இருப்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிச் சொல்லித்தான் சத்யப்பிரியா இதுவரை நாலு வரனை இழந்திருந்தாள். அவளுக்கா ஏமாற்றுக்காரி என்ற பட்டம்! கல்யாணம் நின்றது கூட வலிக்கவில்லை. இது வலித்தது. ஸ்ரீதருக்கு போன் செய்தாள்.

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அந்த ஆபீசுக்கு வந்து ஒங்க கண்ணால பாருங்க. நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சா போதும்.”

ஸ்ரீதர் வருகிறேன் என்றான். அன்று வீட்டில் அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன் அவன். அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை இருந்தது.

மறுநாள் பஸ் பிடித்தாள். குடிகாடு வந்ததும், ரசாயன ஆலைகளின் நாற்றம் ஏறாமலிருக்க, பழக்கத்தில் ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிட்டாள். சிதம்பரம் போய்ச் சேரும் வரை திறக்கவில்லை.

தகவல் நிலையம் கீழவீதியில் ஒரு மாடியில் இருந்தது. அதை நடத்துகிற சடையப்பன் ஐந்து விரலில் நாலுக்கு மோதிரம் போட்டிருந்தார். அவருடைய விண்ணப்பத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு, மூக்குக் கண்ணாடிக்குக் கட்டம் உண்டு. மறுமணத்துக்குக் கட்டம் கிடையாது. வைத்தால் கூட்டம் பயந்துவிடுமாம். அதையெல்லாம் கடைசியில் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

“எங்க மேல தப்பே இருக்காதும்மா. சாப்ட்வேர் பூரா நம்ம அக்கா மவன்தான். டேய் ராஜ்கமல், வந்து சொல்றா.”

ராஜ்கமல் எழுந்து வரவில்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருண்டு வந்தான். சத்யப்பிரியாவைப் பார்க்காமல், நிற்கிற ஆண்பிள்ளையான ஸ்ரீதரைப் பார்த்துப் பேசினான்.

“சார், ஆபீஸ்ல டைப் பண்ணும்போது எழுத்த தடியாக்குவோம், கலர் குடுப்போம். அதெல்லாம் உள்ள டேகா, ரெண்டு குறிக்கு நடுவுல ஒரு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். வாட்ஸ்அப்ல அனுப்புனா டேகும் சேந்து போச்சு. பொண்ணு பேருக்கு முன்னாடி என்னாடா பி போட்டிருக்கு, இனிஷியலான்னு ஜனம் கேட்டுது. ஒரே லைன்ல முடிச்சேன்.”

திரையில் காட்டினான். பெற்ற பிள்ளையைக் காட்டுகிற முகம்.

text.replace(/<[^>]*>/g, '')

“அப்படின்னா?” என்றான் ஸ்ரீதர்.

“இந்தக் குறியில ஆரம்பிச்சு, அந்தக் குறி வர்ற வரைக்கும் நடுவுல எது இருந்தாலும் தூக்கிரும்.”

“எது இருந்தாலுமா?” என்றாள் சத்யப்பிரியா.

“எது இருந்தாலும்” என்றான் ராஜ்கமல் பெருமையாக. சொல்லி முடித்த பிறகும் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை.

அவள் எழுதிய வரியை அதில் போடச் சொன்னாள். போட்டான். தட்டினான். கணவர் வயது 20000 என்று வந்தது.

“வெப்சைட்ல மட்டும் எப்பிடி முழுசா வருது?” என்று ஸ்ரீதர் கேட்டான்.

“ப்ரௌசருக்குத் தெரியும் சார். மொதக் குறிய ஒட்டி இங்கிலீஷ் எழுத்து வந்தாத்தான் அது டேக். எடம் விட்டு நாப்பதுன்னு வந்தா அது சும்மா எழுத்து.”

“ஒங்க லைனுக்குத் தெரியாதா?”

“அது எதுக்கு சார் தெரியணும்? டாம் பார்சர்னு ஒண்ணு இருக்கு. அதுங்கிட்ட குடுத்தா ப்ரௌசர் மாதிரியே படிச்சு, எழுத்த மட்டும் குடுக்கும். அதுக்கு ஜாஸ்தி எழுதணும். கல்யாணத்துக்கு வர்றவங்க இந்தக் குறியெல்லாம் போடுவாங்கன்னு எவன் கண்டான்? தமிழ்ல எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல.”

“தப்பு ஒங்க மேலதான்னு சொல்றாம்மா” என்று சடையப்பன் பொழிப்புரை சொன்னார். சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு டீ வரவழைக்கட்டுமா என்றார்.

ஸ்ரீதர் திரையிலிருந்த முழு வரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். என்னுடனேயே இருப்பாள் என்பது வரை நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

“சாரிங்க. நீங்க எதையும் மறைக்கல. அம்மாகிட்ட சொல்லி குரூப்லயே போடச் சொல்றேன்.”

இதைக் கேட்கத்தான் சத்யப்பிரியா இவ்வளவு தூரம் வந்திருந்தாள். நன்றி சொல்ல வாய் எடுத்தாள்.

“இன்னொண்ணுங்க” என்று ஸ்ரீதர் குரலைத் தாழ்த்தினான். “எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. அம்மாவும் மெசேஜ பாத்தப்ப சந்தோஷமாத்தான் இருந்தாங்க. அதுல இருந்த மாதிரியே இருந்துட்டா அவுங்களுக்கும் ஒண்ணும் இல்ல. பாப்பா ஒங்க அம்மாகூட கடலூர்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழமையானா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். எங்க சைடுல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.”

“தம்பிக்கு என்னா ஒரு மனசு!” என்றார் சடையப்பன். ராஜ்கமல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினான்.

ஸ்ரீதர் முகத்தில் தானம் செய்தவனின் களை இருந்தது. கை நீட்டி வாங்கிக்கொள்வாள் என்று காத்திருந்தான்.

“யோசிச்சே சொல்லுங்க, அவசரமில்ல” என்றான்.

சத்யப்பிரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டீ கொண்டுவந்தவனுக்கு ஒதுங்கி வழிவிட்டு, படியிறங்கிப் போனாள்.