நாலு காலும் தரையில்

தனபால் யாரையும் கேட்காமல்தான் அந்த இரண்டு நாய்க்குட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டு வந்தான். ஒன்று வாங்கத்தான் போனானாம். தனியாக விட்டால் அழுமே என்று இரண்டாகத் தூக்கிக்கொண்டானாம். இரக்கத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அழுத குட்டிகளைச் சமாதானப்படுத்தியது மட்டும் அவன் மனைவி பிரவீனா. இடுப்பில் ஒன்றரை வயது நிதீஷ், நைட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு வயது லோகப்பிரியா, காலுக்குள் கருப்பனும் செவலையும். பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் தன் சொந்த லேத் பட்டறைக்குக் காலையிலேயே கிளம்பிப் போகிறவனுக்கு என்ன? லேத் மெஷின் குரைக்கவா போகிறது?

நாலே மாதத்தில் இரண்டும் கன்றுக்குட்டி கணக்காக வளர்ந்துவிட்டன. கெட்ட புத்தி கிடையாது, சந்தோஷம்தான் அடங்காது. கொடியில் தொங்கும் துண்டு, பால்காரர் தோள், நிதீஷ் கையிலிருக்கும் முறுக்கு, எதைக் கண்டாலும் பாய்ச்சல். தடுப்பூசி போடப் போன இடத்தில் கால்நடை டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். பாய்ந்தால் திட்டவும் கூடாது, தள்ளவும் கூடாது, அதுவும் அவற்றுக்கு விளையாட்டுத்தான். கையைக் கட்டி முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நாலு காலும் தரைக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்துத் தீனி கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து பிரவீனா நைட்டிப் பையில் வேகவைத்த ஈரல் துண்டுகளோடு திரிந்தாள். பிள்ளைகளுக்கு அதையே விளையாட்டாக்கினாள்.

"நாய் பாஞ்சா என்னாகோணும் கண்ணு?"

"மரம்!" என்று கத்திவிட்டு லோகப்பிரியா கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பாள். நிதீஷுக்குக் கை கட்ட வராது. ஒரு கை தொப்பையிலும் இன்னொன்று காதிலுமாக நிற்பான். ஆனாலும் மரம் மரம்தான். அடுப்பில் பால் பொங்கி வழிய, நடுக்கூடத்தில் மூன்று மரங்கள் வாயைத் திறக்காமல் நின்ற காலைகள் எத்தனையோ. நாய்களுக்கும் மெல்ல மெல்ல விளங்கியது. யாராவது மரமாக நின்றால் போதும், இரண்டும் வந்து உட்கார்ந்துவிடும்.

பகலெல்லாம் அவள் கட்டியதைச் சாயங்காலம் வந்து அவன் இடித்துப் போட்டான். கேட்டைத் திறந்ததும் இரண்டு கையாலும் நெஞ்சைத் தட்டுவான். "வாங்கடா என் சிங்கங்களா!" அவ்வளவுதான். கருப்பன் ஒரு தோளில், செவலை ஒரு தோளில்.

"ஏனுங்க, உசுப்பேத்தி உடாதீங்க. இன்னிக்கு உங்க மேல பாயறது நாளைக்குக் கொழந்தைக மேல பாயும்."

"நாள் பூரா இரும்போட மாரடிச்சுப்போட்டு வாரேன். இதுகளாவது ஆசையா வரக்கூடாதா அம்மணி?"

அவனுக்கு ஆசை, அவளுக்கு வேலை. சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேட்டுப்பாளையத்தில் பாக்குத்தோப்பு வைத்திருக்கும் தனபாலின் கூட்டாளி அங்கப்பன் வந்திருந்தார். தனபால் கடைக்குப் போய் பஜ்ஜி வாங்கி வந்தான். நாய்கள் கொல்லைக் கதவோரம் சாதுவாகப் படுத்துக் கிடந்தன. நடுக்கூடத்தில் நிதீஷ் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற தனபாலுக்குத் தன் நாய்களின் பாசத்தைக் கூட்டாளிக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பஜ்ஜிப் பொட்டலத்தை வைத்துவிட்டு நெஞ்சைத் தட்டினான்.

இரண்டும் கூடத்தின் குறுக்கே பறந்தன. செவலையின் தோள் இடித்து நிதீஷ் முகங்குப்புற விழுந்தான். டம்ளர் விளிம்பு உதட்டைக் கிழித்தது.

பிரவீனா ஓடி வந்து அள்ளிக்கொண்டாள். ஈரத்துணியை வைத்து அழுத்திப் பார்த்தாள். நல்லவேளை, பல்லுக்கு ஒன்றுமில்லை, சின்ன வெட்டுத்தான். நாய்கள் பயந்து கூடத்துக் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கின. அழுகை விக்கலாக அடங்கியதும் அவள் பிள்ளையை இறக்கிவிட்டாள். அதற்காகவே காத்திருந்தவன் போலத் தனபால் ஆரம்பித்தான்.

"நாள் பூரா ஊட்டுல சும்மாதான இருக்கற? ரெண்டு நாயப் பழக்கத் துப்பில்ல?"

சும்மா. அந்தச் சொல் பிரவீனாவுக்கு உச்சந்தலையில் ஏறியது.

அங்கப்பன் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம தோப்புக்கு அனுப்பிப்போடுங்க மாப்ள. மோட்டார் ரூமுல சங்கிலி போட்டுக் கட்டிப்போட்டா ஒரு தொந்தரவும் இல்லீங்க. நாளைக்கே வண்டி அனுப்பறனுங்க."

"அனுப்புங்க," என்றான் தனபால்.

கேட்காமல் கொண்டு வந்தவன் கேட்காமலே அனுப்புகிறான். ஓடியாடுகிற இரண்டு உயிர் ஆயுசுக்கும் ஒரு சங்கிலி நீளத்தில் கிடக்க வேண்டும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். நெஞ்சைத் தட்டியது எந்தக் கை? ஆறு மாதமாக அவள் பட்ட பாடு எந்தக் கணக்கில் சேரும்? விருந்தாளி முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இன்று பேசினாள்.

"நாயிக பழகிருச்சுங்க. இந்த ஊட்டுல இன்னும் பழகாதது நீங்க ஒருத்தர்தான்."

தனபால் துள்ளிக் குதித்தான். "யாரப் பாத்து என்ன பேசற?" என்று கையை வீசிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்தான். அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் டம்ளர்கள் அதிர்ந்தன. "வாய் நீண்டு போச்சு உனக்கு! எடங் குடுத்தா..."

சுவரோரம் நின்ற லோகப்பிரியா அப்பாவையே பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். உதடு வீங்கிய நிதீஷ் அக்காவைப் பார்த்தான். அவனும் ஒரு கையைத் தொப்பையிலும் இன்னொரு கையைக் காதிலும் வைத்துக்கொண்டு திரும்பினான். மரங்களைக் கண்டதும் கட்டிலுக்கடியிலிருந்து கருப்பனும் செவலையும் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

கூடத்தில் கத்திக்கொண்டிருந்தது தனபால் மட்டும்தான். அதை அவனே கேட்டிருக்க வேண்டும். பாதி வார்த்தையில் நின்றுபோனான்.

"என்னுங்க பாப்பா பண்றீங்க?" என்று அங்கப்பன் சிரித்தபடி கேட்டார்.

லோகப்பிரியா திரும்பவில்லை. "அப்பா பாயறாரு. பாஞ்சா மரமாயிரோணும். பேசக்கூடாது." சற்றுப் பொறுத்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்பா, நாலு காலும் கீழ வெச்சுட்டீங்களா?"

அங்கப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. தனபாலின் வீசிய கை மெதுவாக இறங்கியது. மகளின் சின்ன முதுகையும் நிதீஷின் வீங்கிய உதட்டையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். "வெச்சுட்டனுங்க சாமி," என்றான். பிறகு அங்கப்பனிடம், "வண்டி வேண்டாமுங்க," என்றான்.

பிரவீனாவின் கோபம் அதற்கெல்லாம் தணிகிறதாக இல்லை. ஆறு மாதக் கோபம், ஒரு வார்த்தையில் போய்விடுமா? நைட்டிப் பையிலிருந்த ஈரலை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"வெளிய போயி மறுபடி உள்ள வாங்க. இன்னிக்கிருந்து நீங்க பழகுங்க."

அவன் போனான். மறுபடி கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். நாய்கள் பாய்ந்தோடின. பழக்கத்தில் நெஞ்சுக்கு எழுந்த கைகளை அவசரமாகக் கட்டிக்கொண்டு திரும்பினான். முதுகு வீட்டுக்கு, முகம் வீதிக்கு. எதிர்வீட்டு ராமாத்தாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். பட்டறை முதலாளிக்குக் காது சிவந்தது.

"உக்காந்துருச்சா?" என்று திரும்பாமலே கேட்டான்.

இரண்டும் எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தன.

"இன்னும் இல்லீங்க," என்றாள் பிரவீனா. "நில்லுங்க."