கதவு திறக்கும் வரை லைனில் இருக்கவும்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், ஊரின் மறுகோடியில் ஓர் அலுவலகத்தில் மணி அடிக்கும். அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பயப்படாதீங்க சார், மெக்கானிக் கிளம்பிட்டாரு" என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் பெண்கள் சிலர். அவர்களில் கைதேர்ந்தவள் தேனக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது குரலைக் கேட்டு ஆபீஸ் வைத்தது. மெக்கானிக் அப்போதுதான் டீ குடிக்க உட்கார்ந்திருப்பான் என்று தெரிந்தும், பாதி வழி வந்துவிட்டதாகக் குரல் பிசகாமல் சொல்வாள்.

அந்த வேலையில் ஒரு சட்டம் மட்டும் கறார். கதவு திறந்து ஆள் வெளியே வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மாட்டிக்கொண்டவர் திட்டினாலும், அழுதாலும், பாட்டே பாடினாலும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டிலும் அவளுக்கு ஏறக்குறைய அதே வேலைதான், சம்பளம்தான் கிடையாது. கணவனுக்குக் குடி. ஆனால் அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. மாமியாரைக் கேட்டால் பிள்ளைக்கு "உடம்பு அசதி". நாத்தனாரைக் கேட்டால் அண்ணனுக்கு "டென்ஷன்". மாமனார் இன்னும் ஒரு படி மேலே போய், "சேர்க்கை சரியில்லை" என்பார். அந்தச் சேர்க்கை பாட்டில் உருவத்தில் பீரோவுக்குப் பின்னால் நிற்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேனக்கா, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், சொந்தபந்தம் மொத்தமும் ஹாலில் கூடிவிட்டது.

"அடிக்கிறானா?" என்று கேட்டார் கணவனின் பெரியப்பா.

"இல்ல."

"வேற பொம்பள சகவாசம்?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா குறை உனக்கு?"

குடியைத் தவிர வேறு குறையே இல்லாத அந்த உத்தமன், "இவ மேல சத்தியமா இனிமே தொடமாட்டேன்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். போரில் ஜெயித்து வந்தவனைப் போல ஆளாளுக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பெரியப்பா அவள் பக்கம் திரும்பி, "இனிமே நீதாம்மா பக்குவமா நடந்துக்கணும்" என்றார். குடித்தது அவன், திருந்த வேண்டியது அவள் என்று தீர்ப்பாகிவிட்டது.

தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுக்கா. அதுக்கு மேல இவங்க வீட்டாளுங்கள என்னால சமாளிக்க முடியாது, வேற யாருக்காவது விட்டுடுவாங்க" என்றிருந்தாள் தங்கை. தேனக்கா முடிவைத் தள்ளிப்போட்டாள். திங்களும் செவ்வாயும் அவன் வாயில் வாடை இல்லை. அவளுக்கு நப்பாசை ஒட்டிக்கொண்டது. குடியாவது காலையில் தெளியும். இந்த நப்பாசை லேசில் தெளியாது.

புதன்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் மணி அடித்தது. திரையில் கட்டடத்தின் விவரம் வந்தது. கீழே மூன்று மாடியும் கடைகள், உச்சியில் பார்.

"வணக்கம் சார், பயப்படாதீங்க. உங்களுக்கு ஏதாவது அடிபட்டிருக்கா?"

தொண்டையை ஒருமுறை கனைத்துவிட்டு, "ஒரு முக்கியமான மீட்டிங்குக்கு வந்தேன் மேடம்" என்றது எதிர்முனை.

அந்தக் கனைப்பு தேனக்காவுக்குப் பழக்கம். பொய்க்கு முன்னால் வருவது. வீட்டில் அவள் அன்றாடம் கேட்பது. அவனுக்கோ அவள் குரல் பிடிபடவே இல்லை. லிஃப்டின் கரகரப்பு ஒரு காரணம்; அவள் சிரித்துப் பேசி அவன் கேட்டு வெகுகாலம் ஆனது இன்னொரு காரணம்.

'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். மாட்டிக்கொண்டவரைப் பதற்றப்படுத்தக் கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. மனைவிதான் லைனில் இருக்கிறாள் என்று தெரிந்து எந்தப் புருஷன் பதறாமல் இருப்பான்? மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிவிட்டு அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

"வீட்டுல யாருக்காவது தகவல் சொல்லணுமா சார்?"

"ஐயையோ, வேண்டாம் மேடம்! ஞாயித்துக்கிழமைதான் பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணேன்."

"அவங்களுக்குத் தெரிஞ்சு, கோச்சுக்கிட்டுப் போயிட்டா?"

அவன் சிரித்தான். மனசார, வயிறு குலுங்க.

"எங்க போவா? போன வருஷமும் பெட்டி கட்டினா. கொஞ்சம் அழுதேன், அவளே பிரிச்சு அடுக்கிட்டா. எனக்கு அழுறது சிரமமே இல்ல மேடம், உள்ள போச்சுன்னா தானா வரும். ரொம்ப முறுக்கினா, நீ போனா செத்துடுவேன்னு ஒரு வார்த்தை சொல்வேன். பாவம், நம்பிடுவா."

தேனக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து எத்தனையோ நாள் தூங்காமல் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அவள் பின்னால் நடந்துபோன சூப்பர்வைசர், அவள் குரல் ஏறாமல் இறங்காமல் இருப்பதைக் கவனித்துவிட்டு, பிரமாதம் என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்க. சாப்டீங்களா மேடம்?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்காத கேள்வி. யாரோ ஒருத்திக்குக் கொடுக்க இவ்வளவு அன்பு கைவசம் வைத்திருக்கிறானே என்று நினைத்ததும் கண் கலங்கியது. "ஆச்சு சார்" என்றாள். குரல் பிசகவில்லை.

கடப்பாரை உரசும் சத்தம் கேட்டது. "கையப் புடிச்சுக்கங்க சார், பாத்து" என்றான் மெக்கானிக். கதவு திறந்துகொண்டது. போகிற போக்கில் கணவன் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து, "மேடம், அடுத்த தடவை மாட்டினாலும் நீங்களே எடுங்க, சரியா?" என்றான்.

"அடுத்த தடவை வேற யாராவது எடுப்பாங்க சார்" என்று சொல்லி, ஆள் வெளியே வந்தாயிற்று என்பதை மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொண்டு, சட்டப்படி இணைப்பைத் துண்டித்தாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள்.

"ரூம யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லுடி. சாயங்காலம் பெட்டியோட வர்றேன்."

தங்கை பதறினாள். "என்னக்கா, மறுபடியும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லடி. இன்னிக்குத்தான் உங்க மாமா என்கிட்ட மனசு விட்டுப் பேசினாரு."