கதவில்லாத வீடுகளின் கணக்கு

எண்பத்தாறாம் வருஷம் மார்ச் மாதம் முழுக்க மெஹராஜின் கால் தரையில் பாவவில்லை. எம்.எஸ்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ் இரண்டாம் வருஷம். கடைசிப் பரீட்சைக்கு முன் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் மழை அளவு, பஞ்சு விலை என்று யாரோ எழுதிவைத்த எண்களைத் தேடிப் போனார்கள். இவள் தாராவியில் தான் குடியிருக்கும் கல்லியையும் அதை ஒட்டிய இரண்டு கல்லிகளையும் எடுத்துக்கொண்டாள். இந்த மூன்று சந்துகளில் பெண்பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் ஏழாம் வகுப்பைத் தாண்டுகிறார்கள்? அதுதான் கேள்வி. இதுவரை யாரும் எண்ணாத ஒன்றை எண்ணப்போகிறோம் என்ற நினைப்பிலேயே அவளுக்குப் பசி மறந்துபோனது.

சாக்பீஸும் கையுமாக வாசல் வாசலாக நின்று கதவுகளுக்கு நம்பர் போட்டாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள். பிறகு ரேண்டம் நம்பர் டேபிளைத் திறந்தாள். அது பக்கம் பக்கமாக எண்கள் மட்டுமே உள்ள புத்தகம். எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் வரும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கண்ணை மூடி விரல் வைத்த இடத்திலிருந்து வரிசையாகப் படித்து அறுபது வீடுகளைப் பொறுக்கினாள். வேண்டியவர், வேண்டாதவர், டீ கொடுப்பவர், நாயை அவிழ்த்துவிடுபவர் என்ற பேச்சே கிடையாது. நம்பர் விழுந்தால் போக வேண்டும், விழாவிட்டால் போகக் கூடாது. பம்பாயில் சிபாரிசு செல்லாத இடம் இது ஒன்றுதான் என்று எதிர்வீட்டுத் தோழி லூர்து மேரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலத்தோடு அறுபது வீடும் முடிந்தது, கணக்கும் முடிந்தது. டைப் அடிப்பதுதான் பாக்கி. வருகிற திங்கட்கிழமை நாலு மணிக்குள் டிபார்ட்மெண்டில் சேர்க்க வேண்டும். தவறினால் பட்டம் அடுத்த வருஷம்தான். அப்புறம் அவள் மனுப் போட்டிருந்த சர்வே ஆபீஸ் வேலையும் போய்விடும். இந்த வருஷமே படிப்பை முடிப்பவர்களைத்தான் அங்கே எடுப்பார்களாம்.

அவளுடைய உம்மா சுலைகா ஸ்டவ்வைப் பற்றவைத்தபடி கேட்டாள்.

“ஏளா, ஊரு வீடெல்லாம் ஏறி எறங்கிட்டியே, நம்ம வீட்டுல எப்ப கேக்கப்போற?”

“நம்பர் விழணும்லா உம்மா. விழலியே.”

“நீ கேக்க வருவேன்னு கண்ணாடி கிளாசைக் கூட கழுவி வச்சிருந்தேன். சரி, நம்ம நம்பரு என்னது?”

மெஹராஜ் சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினாள். நூற்றுப் பதினேழு: கரீம் பாட்சா வீடும் அவருடைய தோல் பை பட்டறையும். அங்கேதான் அவள் வாப்பா தோல் வெட்டுகிறார். நூற்றுப் பதினெட்டு: பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகம். நடுவில் ஒன்றும் இல்லை. சிரிப்பு நின்றது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேடினாள். அவள் வீடு எங்கேயும் இல்லை.

அவர்கள் குடியிருப்பது பட்டறைக்கு மேலே. இதை மாலா என்பார்கள். கீழ்வீட்டுக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் பலகை அடித்து, வெளியே ஒரு இரும்பு ஏணியைச் சாத்திவிட்டால் அது தனிக் குடித்தனம். அதற்குக் கதவு கிடையாது. ஏணி முடிகிற இடத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். இவள் கதவுக்கல்லவா நம்பர் போட்டாள்! தினம் தினம் அந்த ஏணி வழியாகச் சாக்பீஸோடு இறங்கி வந்து, அந்த ஏணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறாள். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று கல்லிகளிலும் ஒரு மாலா கூடக் கணக்கில் இல்லை. எதிரே இருக்கும் லூர்து மேரியின் வீடும் மாலாதான், அதுவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அங்கேதான் அவளுடைய புரொபசர் பஞ்சாபகேசன் குடியிருந்தார்.

“என்னம்மா, இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கே?” என்றார் அவர். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“தப்புதான். ஆனா நாலு நாள்ல என்ன பண்ண முடியும்? கடைசில ‘குறைபாடுகள்’னு ஒரு பத்தி எழுதிடு. மேல்தளக் குடித்தனங்கள் சேர்க்கப்படவில்லைன்னு ரெண்டு வரி. எல்லாரும் அப்படித்தான் பண்றா.”

“அந்த ரெண்டு வரியிலதான் சார் எங்க வீடு இருக்கு.”

“புரியறது. ஆனா திங்கட்கிழமை நாலு மணி தாண்டித்துன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்கோ.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதைப் பத்தி போட்டு, தலைப்பு கொடுத்து மறைக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நிமிர்ந்தே நடந்தாள். தகரத்துக்குக் கீழே வரிசை வரிசையாக மாலாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு. அங்கே விடை என்னவென்று அவளுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. பயம் எங்கே போனதோ, உள்ளங்கை குறுகுறுக்க ஆரம்பித்தது.

லூர்து மேரி கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். விஷயத்தைக் கேட்டதும், “உனக்குக் கிறுக்குதான்ட்டி பிடிச்சிருக்கு” என்றாள். அப்படிச் சொன்னவளே இரண்டு நாள் லீவும் போட்டாள். வியாழனும் வெள்ளியும் இருவரும் ஏணி ஏணியாக ஏறி இறங்கி, இந்த முறை ஏணிகளுக்கு நம்பர் போட்டார்கள். மொத்தம் இருநூற்று எண்பத்து நான்கு மாலாக்கள். மெஹராஜின் வீடு தொண்ணூற்று மூன்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பது நம்பர் பொறுக்க உட்கார்ந்தார்கள். சுலைகாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மெஹராஜ் படிக்கப் படிக்க லூர்து மேரி எழுதினாள். இருபத்தொன்பது எண்கள் எழுதியாகிவிட்டது. முப்பதாவதாக வந்தது தொண்ணூற்று நான்கு.

“அது சொரிமுத்து வீடுல்லா!” என்று சுலைகா கத்தினாள். “ஒரே ஒரு நம்பருதானளா வித்தியாசம், ஒண்ணு தள்ளிப் போட்டா என்ன?”

“போட்டுருட்டி, யாரு பாக்கப்போறா?” என்றாள் லூர்து மேரி.

மெஹராஜுக்கு உம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. எழுதிவிடலாமா என்று மனசு ஒரு கணம் அடித்துக்கொண்டது. “கூடாது. இன்னிக்கு உம்மாவுக்காகத் தள்ளினா, நாளைக்கு ஊருக்காகத் தள்ளுவேன்.”

“பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்க இவளுக்கு நம்பரு வேணுமாம்” என்று சுலைகா எழுந்து போனாள். அன்று ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. மெஹராஜுக்கு அது சுருக்கென்று தைத்தது.

சனிக்கிழமை காலையில் முதலில் போனது சொரிமுத்து வீட்டுக்குத்தான். ஏணியின் மேல்படியில் அவர் மகள் செண்பகவல்லி பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் தங்கை எட்டாவது. மெஹராஜ் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பேச்சுவாக்கில்தான் கேட்டாள்.

“ரெண்டு பேரும் படிக்குதுவளே, தொழிலுக்கு விடலியா அக்கா?”

“விடணும்னுதான் நெனச்சோம்” என்றாள் செண்பகவல்லியின் அம்மா. “கீழ்வீட்டுப் பிள்ளைக மாதிரி ஒரு மிஷினப் போட்டுத் தைக்கச் சொல்லலாம்னா, மிஷின எப்படி இந்த ஏணியில ஏத்த? ஏத்துனாலும் பலகை தாங்குமா? சும்மா இருக்கதுக்குப் படிக்கட்டும்னு விட்டாச்சு.”

மெஹராஜின் பேனா நின்றது. கீழ்வீடுகளில் அவள் பார்த்த தையல் மிஷின்களும், அவற்றின் முன்னால் குனிந்திருந்த பதின்மூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தார்கள். தன் வாப்பா நாளெல்லாம் கீழே பட்டறையில் வேலை செய்ய, தான் மட்டும் மேலே புத்தகத்தோடு கிடந்தது எப்படி என்பதும் அப்போதுதான் உறைத்தது. அடுத்த வீட்டிலும் அதே பதில். ஐந்தாவது வீட்டில் ஏறியதுமே மிஷின் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பதாவது மாலாவிலிருந்து இறங்கியதும் கால்குலேட்டரோடு உட்கார்ந்தாள். கீழ்வீடுகளில் ஏழாவதைத் தாண்டும் பெண்கள் நூற்றுக்கு முப்பத்தொன்று. மாலாக்களில் ஐம்பத்தாறு! தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் ஐம்பத்தாறு. தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருமா என்றும் சோதித்துப் பார்த்தாள், வராது. “ஏட்டி லூர்து!” என்று அவள் போட்ட கூச்சலில் கீழே பட்டறையில் கரீம் பாட்சா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ஏழைகளிலும் ஏழைகள் ஏறிக் குடியேறுகிற இடத்தில்தான் பெண்பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை லூர்து மேரி ஆபீஸ் மிஷினில் மத்தியானச் சாப்பாட்டைத் துறந்து அடித்த கடைசிப் பக்கத்தின் மை காய்வதற்குள், மெஹராஜ் ரயில் பிடித்து, பஸ் பிடித்து, நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது டிபார்ட்மெண்டுக்குள் நுழைந்தாள். பஞ்சாபகேசன் பக்கங்களைப் புரட்டினார். மாலாக்களின் அட்டவணைக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“இதை நான் எதிர்பார்க்கலையேம்மா” என்றார். “நான் சொன்ன மாதிரி ரெண்டு வரியோட விட்டிருந்தா இது யாருக்குமே தெரியாமப் போயிருக்கும்.” சட்டென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் ஏணியில் ஏறும்போது சுலைகா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அவளாகவே வாயைத் திறந்தாள்.

“கொடுத்துட்டியா?”

“கொடுத்துட்டேன் உம்மா. வாங்கிட்டாங்க.”

“நல்லது. கடைசி வரைக்கும் நம்ம நம்பரு விழலேல்லா?”

“விழல.”

“மொதல்ல ஒரு நோட்டு எழுதுனியே. அதுல?”

மெஹராஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அதுல விழவே முடியாது உம்மா. ஆயிரம் தடவை எடுத்தாலும் விழாது. நாம அதுல இல்லவே இல்ல.”

“இதுல?”

“இதுல விழுந்திருக்கலாம். சொரிமுத்து வீட்டுக்கு எவ்வளவு வாய்ப்போ, நமக்கும் அவ்வளவு வாய்ப்பு. ஒரு துளி கூடக் கொறச்சல் இல்ல.”

சுலைகாவின் கை நின்றது. பதினெட்டு வருஷமாக அவள் இந்தப் பலகை மேல் குடித்தனம் செய்கிறாள். ஓட்டு லிஸ்ட் எழுத வந்தவரும், அம்மை ஊசி போட வந்தவரும் கீழே கதவைப் பார்த்துவிட்டுக் கதவோடு திரும்பிப் போனதை ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறாள்.

“சொரிமுத்துக்கு உள்ளது நமக்குமா?”

“நமக்கும்தான்.”

சுலைகா சாம்பல் கையோடு எழுந்து போய், ஓட்டையில் பாதி உடம்பை வெளியே நீட்டி, எதிர் மாலாவில் இருந்த லூர்து மேரியின் தாயாரைக் கல்லி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

“ஏட்டீ சேசம்மா! சங்கதி கேட்டியா? நம்ம நம்பரும் விழுந்திருக்கலாமாம்ட்டி!”