எதிர்க்கடையில் வலித்த கால்

அச்சக உரிமையாளரின் வலது ஷூவுக்குள் ஆணி ஏறிய செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அந்த வலி தெருவைக் கடந்து, எதிர்க்கடையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனரின் பாதத்தில் போய் இறங்கியது. கடிகாரக்காரர் கையிலிருந்த இடுக்கியைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் கடையை மூன்று சுற்று வந்தார். அச்சக உரிமையாளர் ஆணியோடு மாலை வரை நடந்தார், இரண்டு கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார், வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "யாருது இது?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஊரில் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் பதில் சொல்ல நேரமாகும். நடைப்பயிற்சியாளர் சங்கம், குடியிருப்போர் சங்கம், தெருவிளக்கு மேம்பாட்டுக் குழு, பழைய மாணவர் பேரவை என்று பதினான்கு அமைப்புகள் அவர் தலைமையில் இயங்கின. அவற்றில் மூன்றில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது. எல்லாவற்றுக்கும் அவருடைய அச்சகத்திலேயே, பழைய ஈய எழுத்துகளைக் கோத்து, வரிக்கு மூன்று ஆச்சரியக்குறியோடு அழைப்பிதழ் அடிக்கப்பட்டது. மேடைக்கென்று கூர்மூக்குக் கறுப்பு ஷூ வைத்திருந்தார். அகலமான பாதம் பதவியில் இருப்பவருக்கு அழகல்ல என்ற கொள்கையால் அதை எப்போதும் ஓர் அளவு சிறியதாகவே வாங்குவார். பதினாறு வருடமாக அவருக்குச் சர்க்கரை இருந்தது. மனு கொடுக்க வந்தவரை நடத்துவதுபோல அதையும் நடத்தினார்: பார்க்கலாம் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் இனிப்பை நிறுத்துவார். வந்த முடிவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டுவார்.

மைத்துனரோடு அவருக்கு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. கடிகாரக் கடைத் திறப்பு விழாவில் தலைமையுரை ஆற்றியபோது, இந்தப் பையனுக்குப் பதினொரு வயது வரை மணி பார்க்கத் தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். அது உண்மையாகவும் இருந்ததால் கடிகாரக்காரரால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து இருவரும் தெருவின் இருபுறமும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருந்ததால் அது லேசான வேலையல்ல.

ஆணிச் சம்பவத்துக்குப் பிறகு கடிகாரக்காரர் மூன்று டாக்டர்களைப் பார்த்தார். மூவரும் அவருடைய பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கால் சமீபத்தில் கண்ணில் பட்டதில்லை என்றார்கள். ஆனால் தலைவர் மேடையில் நின்ற மாலைகளில் எல்லாம் அவருக்கு முன்பாதம் எரிந்தது. வெளியில் ஜல்லி கொட்டிய அன்று, தலைவர் அதன்மீது ஏறி மறுபக்கம் போவதைக் கடைக்குள்ளிருந்து பார்த்தபடியே, ஒவ்வொரு கல்லாக உணர்ந்தபோது அவருக்கு விஷயம் விளங்கியது. தலைவரின் மனைவியான தன் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவர் காலு அவருக்கே தெரியல, உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியுதேக்கா, நான் என்ன பண்ண? சின்ன விரல்ல ஷூ கடிக்குது, மாத்தச் சொல்லு."

அக்கா வீட்டில் போய்ச் சொன்னாள். தலைவர் சற்று யோசித்துவிட்டு, "என் வலியை அவன் எடுத்துக்கிட்டானா? ஒரு வார்த்தை கேட்டானா?" என்றார். ஷூவை மாற்றவில்லை.

அடுத்த மூன்று வாரம் கடிகாரக்காரருக்கு நடுப்பாதத்தில் புதுவிதமான வலி. பல்வலி இடம் மாறிக் காலுக்குக் குடிவந்ததுபோல இருந்தது. பெண்கள் கடிகாரத்தின் சிறு முள்ளைப் பொருத்த முடியாமல் நான்கைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் சுகமாகப் போயிற்று. அந்த ஒரு வாரமும் தலைவருடைய கால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் தனியாக இருந்தது. அச்சகத்தில் தவறி விழுந்த ஈய எழுத்து ஒன்று ஷூவுக்குள் புகுந்து, ஐந்து நாள் அவரோடு எல்லாக் கூட்டங்களுக்கும் போய்வந்தது. ஆறாம் நாள் அக்காதான் படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்தாள். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஆழமாக, பிழையில்லாமல், ஓர் ஆச்சரியக்குறி பதிந்திருந்தது.

சேதி கேட்ட கடிகாரக்காரர் மிச்ச மாத்திரைகளைக் குப்பைக்கூடையில் போட்டார். மருத்துவமனைக்கும் வந்தார். ஆனால் பேச்சில்லாத காரணத்தால் உள்ளே வராமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கால் டாக்டர் குள்ளமான, அவசரம் இல்லாத பெண்மணி. தலைவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் நூலின் நுனியால் அவர் பாதத்தைத் தொட்டார்.

"தொடும்போது சொல்லுங்க."

"முதல்ல தொடுங்க, சொல்றேன்," என்றார் தலைவர்.

"பெருவிரல்," என்று வெளியே பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

டாக்டர் எழுந்துபோய்க் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். பத்து இடத்தில் தொட்டார். பத்தும் வெளியிலிருந்து சரியாக வந்தது. அட்டையில், உணர்வு பத்துக்குப் பத்து, இடம் வெளி பெஞ்சு என்று குறித்துக்கொண்டார். வியப்பதற்கு நேரமில்லை, வரிசையில் இன்னும் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

பிறகு இருவருக்கும் கேட்கும்படி வாசலில் நின்று விளக்கினார். ரத்தத்தில் வருடக்கணக்காகச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் நரம்பு கெடும். சேதி கொண்டுவரும் நரம்பு மட்டுமல்ல, உத்தரவு கொண்டுபோகும் நரம்பும் கெடும். பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னச் சின்னத் தசைகளுக்கு உத்தரவு வராமல் அவை சுருங்கிப்போகும். கெண்டைக்காலிலிருந்தும் முழங்காலுக்குக் கீழே முன்புறத்திலிருந்தும் வரும் பெரிய தசைகளை எதிர்த்து இழுக்க ஆளில்லாமல், விரல்கள் பருந்தின் நகம்போல மடங்கி நிற்கும். அடியில் மெத்தைபோல இருக்கும் கொழுப்பு முன்னால் நகர்ந்துவிடும். எலும்பு முனை நேராகத் தரையில் ஊன்றும். சர்க்கரை மூட்டுகளிலும் நார்களிலும் ஒட்டி அவற்றை விறைக்கவைக்கும்; குதிகால் நார் இறுகினால் பாரமெல்லாம் முன்பாதத்துக்கு வரும். வியர்க்கச் சொல்லும் நரம்பும் ஓய்ந்துவிடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும். "இவ்வளவுக்கும் மேல நீங்க இந்த ஷூவைப் போடுறீங்க," என்று முடித்தார். சின்னவர்கள் ஓய்ந்தால் பெரியவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள் என்ற பகுதியைத் தலைவர் தன் சங்கங்களைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வலது பாதம் இஸ்திரிப்பெட்டிபோலச் சுட்டது. வீங்கிச் சிவந்தும் இருந்தது. படம் எடுத்ததில் நடுப்பாதத்துச் சிறு எலும்புகள் மூன்று இடத்தில் விரிசல் விட்டிருந்தன. உடைந்த எலும்பு வலித்தால் மனிதன் உட்காருவான். வலிக்காததால் இவர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். இன்னும் நடந்தால் பாதத்தின் வளைவு சரிந்து, அடிப்பக்கம் படகின் வயிறுபோலப் புடைக்கும். அந்தப் புடைப்பில் புண் வரும். அதற்குப் பிறகு காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, காலைக் கீழே ஊன்றக்கூடாது, மாதக்கணக்காகும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் இருபது நாளில் நடைப்பயிற்சியாளர் சங்கத்தின் வெள்ளிவிழா வந்தது. மூன்று கிலோமீட்டர் ஊர்வலம், முடிவில் தலைவருக்கு 'நடைச் செம்மல்' பட்டம். பட்டயத்தை அவரே அச்சடித்து, அவரே பிழைதிருத்தி, தேர்வுக்குழுவின் சார்பில் அவரே கையெழுத்தும் போட்டிருந்தார். விழாவுக்கு முந்திய நாள் பிற்பகல், அச்சகத்தில் உட்கார்ந்து, மரக்கட்டை அறுக்கும் சின்ன ரம்பத்தால் மாவுக்கட்டை அறுக்கத் தொடங்கினார். எதிர்க்கடையில் கடிகாரக்காரரின் கணுக்கால் அதிர்ந்தது. அவர் கண்ணில் மாட்டியிருந்த உருப்பெருக்கியைக்கூடக் கழற்றாமல், ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத் தெருவைக் கடந்து வந்தார்.

"வாங்க மாப்ளே," என்றார் தலைவர் ரம்பத்தை நிறுத்தாமல். "வழி தெரிஞ்சுதா?"

"எதுக்கு மாமா கட்டைப் பிரிக்கிறீங்க?"

"வலிக்கலையே. வலிக்காத காலுக்கு எதுக்குக் கட்டு?"

"எனக்கு வலிக்குது. வலி எனக்கு, முடிவு மட்டும் உங்களுக்கா?"

"இது என் கால்."

"உங்க கால்தான், யாரு இல்லேன்னது? நாளைக்கு நான் ரெண்டு மாத்திரை போட்டுட்டுப் படுத்துக்கிறேன், நீங்க நடங்க. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எலும்பு பொடியாச்சா இல்லையான்னு அக்காதான் வந்து ரெண்டு பேருக்கும் சொல்லணும்."

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நின்ற அக்கா, "என்னை இழுக்காதீங்க, எனக்கு நூறு வேலை," என்றாள். ஆனால் பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

தலைவர் ரம்பத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மைத்துனர் நின்ற இடத்திலேயே வலது காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருப்பதையும் பார்த்தார். பதில் தயாராக இல்லாமல் தலைவர் ஒரு கேள்வி கேட்டது அன்றுதான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"எது?"

"என் கால்."

"கொதிக்குது மாமா. ஆனா நேத்துக்கு இன்னிக்குக் கொஞ்சம் தேவலாம்."

தலைவர் ரம்பத்தை மேசைமீது வைத்தார். கடிகாரக்காரர் உட்கார்ந்து இருவருடைய வலது காலையும் ஒரே முக்காலிமீது தூக்கி வைத்தார். அக்கா பாத்திரத்தைத் திறந்தாள்.

மறுநாள் ஊர்வலத்தில் தலைவருக்குப் பதிலாக அவருடைய கூர்மூக்கு ஷூக்களைத் திறந்த வண்டியில் வைத்து அழைத்துச் சென்றார்கள். ஷூக்களே தலைமை தாங்கின. பட்டயமும் அவற்றின்மீதே சார்த்தப்பட்டது. தலைமையுரை சுருக்கமாகவும் கருத்தாழத்தோடும் அமைந்ததாக நன்றியுரையில் குறிப்பிட்டார்கள். ஷூக்களையே மற்றப் பதின்மூன்று அமைப்புகளும் தொடர்ந்து அழைத்தன, எங்கும் குறை சொல்லப்படவில்லை.

மாவுக்கட்டு ஏழு மாதம் இருந்தது. வாரத்துக்கொருமுறை பிரித்து மாற்றினார்கள். எங்கே அழுத்துகிறது என்று கடிகாரக்காரர் பெஞ்சிலிருந்து சொல்லச் சொல்ல, அங்கங்கே பஞ்சு வைத்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து அவர் உள்ளேயே உட்கார்ந்தார். சர்க்கரைக்கான மாத்திரையைத் தலைவர் பரிசோதனை இல்லாத நாட்களிலும் விழுங்கினார். கட்டைக் கடைசியாகப் பிரித்தபோது வளைவு பாதி இறங்கியிருந்தது. மடங்கிய விரல்கள் நிமிரவில்லை, நிமிராது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சூடு இல்லை, புண் மூடியிருந்தது, கால் இருந்தது. மருத்துவமனைச் செருப்புத் தொழிலாளி அளவெடுத்து, அகலமாக, ஆழமாக, உள்ளே மெத்தை வைத்து ஒரு ஜோடி செய்து கொடுத்தார். பார்ப்பதற்கு அது இரண்டு ரொட்டிபோல இருந்தது. தலைவர் அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடந்துவிட்டு மைத்துனர் முகத்தைப் பார்த்தார். "ஜோரா இருக்கு மாமா," என்றார் கடிகாரக்காரர், தன் கால்விரல்களை அசைத்தபடி.

அந்த வருடமே மருத்துவமனையில் கால் மரத்துப்போனவர்களின் அட்டையில், பெயருக்கும் வயதுக்கும் கீழே, வலி சேரும் இடம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டது. டாக்டர் எல்லோரையும் கேட்டார். சிலருக்குக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. ஒரு பேருந்து ஓட்டுநரின் குதிகால், பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவரிடம் ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பனியென்று நினைத்துக் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். ஒரு துணிக்கடைக்காரரின் இரண்டு பாதமும் இரண்டு தங்கைகளுக்குப் பிரிந்து போயிருந்தது. வலி யாரிடம் போகிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுத்து, தினமும் காலையில் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்கிறார்கள். தலைவருடைய அட்டையில் அந்த வரியை அவரே நிரப்பினார்: மனைவியின் தம்பி, எதிர்க்கடை, ஒன்பது மணிக்குத் திறப்பார், அதற்கு முன் என்றால் வீட்டில் கேட்கவும்.