தெருவைக் காணாத செருப்பு

தென்மேற்குப் பாலையின் மணலைச் சுமந்துகொண்டு அந்தக் காற்று வந்து மூன்று நாளாயிற்று. வானம் நீலத்தை இழந்து வெந்த களிமண்ணின் நிறம் கொண்டிருந்தது. வயல்களில் கோதுமை முற்றித் தலை தாழ்த்தி நின்றது. அரிவாளை இன்னும் எவரும் எடுக்கவில்லை. நைல் நதி பழைய தகரம்போல் ஒளியற்றுக் கிடந்தது. பேரீச்சை மடல்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை பகல் முழுதும் ஓயவில்லை. ஐம்பத்தைந்து நாள் நோன்பின் இறுதி வாரம் வாசலுக்கு வந்துவிட்ட காலம் அது. பாலையும் இறைச்சியையும் மறந்த அடுப்புகளில் அவரையும் பருப்பும் வெந்தன. மக்கள் குரல் தாழ்த்திப் பேசினர். கிறிஸ்துவின் பாடுகளை நினைக்கும் வாரத்துக்காக ஆலயத் தூண்களுக்குக் கறுப்புத் துணி சுற்றப்போகும் நாளை நோக்கி ஊர் முழுவதும் மூச்சடக்கி இருந்தது.

அந்தக் காற்றின் வெம்மை வனீஸின் வலது பாதத்தை மட்டும் எட்டவில்லை.

எட்டுவதற்கு அங்கே உணர்வு இல்லை. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலி போயிற்று. கூடவே பாதமும் போயிற்று. அது கணுக்காலிலிருந்து நனைந்த துணிபோல் தொங்கியது. நடந்தால் விரல்கள் தரையை உழுதன. ஒருமுறை அடுப்பின் சூட்டுக்கல் மேல் நின்றிருக்கிறார். தோல் கருகும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் காலை எடுத்தார்.

வனீஸ் ஊரின் கோப்துக் கிறிஸ்தவ ஆலயத்தில் காணிக்கை அப்பம் சுடுபவர். இருபத்தாறு ஆண்டுகளாக அதே பணி. ஆலயத்தின் தென்புறத்தில், அடுப்பும் மாவுத்தொட்டியும் மட்டுமே உள்ள அந்தச் சிற்றறைக்குப் பெத்லகேம் என்று பெயர். உள்ளே வெறுவயிற்றோடு நுழைய வேண்டும். மாவு பிசையும் நேரமெல்லாம் உதடுகளில் துதிப்பாடல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தெருவின் மண் பட்ட செருப்பு வாசற்படியைத் தாண்டக் கூடாது. இவற்றை அவருக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. சூரியன் எத்திசையில் உதிக்கும் என்பதை எழுதியா கொடுப்பார்கள்?

நோன்பு தொடங்கிய வாரத்தில் மின்யா நகரத்துப் பட்டறை ஒன்றில் அவர் காலுக்குத் தாங்கி செய்தார்கள். வெண்ணிற பிளாஸ்டிக்கால் ஆன ஓடு அது. உள்ளங்காலுக்கு அடியிலிருந்து எழும்பிக் கெண்டைக்காலின் பின்புறத்தை அணைத்து முழங்காலுக்கு நான்கு விரல் கீழே நின்றது. இரண்டு பட்டைகள் அதை இறுக்கின. அதைக் காலணிக்குள் செருகித் தெருவில் நடந்த முதல் நாள், விரல்கள் எதிலும் தட்டவில்லை. இரண்டாண்டுகளாகத் தரையையே பார்த்து நடந்தவர் அன்று எதிரே வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அந்த அளவில் தாங்கி தன் வேலையைச் செய்தது.

ஆனால் பெத்லகேமுக்குள் கதை வேறு. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, தாங்கியை மறுபடி வெறுங்காலில் பூட்டி நின்றால், அது அவருடைய முழங்காலைப் பின்னோக்கித் தள்ளியது. கதவைக் கீலுக்கு எதிர்ப்புறமாய் மடக்குவதுபோல் ஓயாத, இரக்கமற்ற தள்ளல். முழங்காலின் பின்குழியில் தொடங்கிய வலி இடுப்புவரை ஏறியது. ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறுகையால் பிசைந்தார். பாட்டின் அடிகள் நடுவே அறுந்தன. எங்கே விட்டோம் என்பது மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டு வாரம் கழித்து வந்து காட்டும்படி பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அவர் போகவில்லை. நோன்புக் காலத்தில் வந்த வலி; ஆகவே அது நோன்பின் பங்கு என்று எடுத்துக்கொண்டார். பங்கைத் திருப்பிக் கொடுப்பது முறையல்ல.

குருத்தோலை ஞாயிறன்று விழுந்தார். சுட்ட அப்பங்களைத் தட்டில் ஏந்தி வாசற்படியில் கால் வைத்தபோது முழங்கால் பின்னே மடிந்தது. அப்பங்கள் நடைபாதையில் உருண்டன. தரையைத் தொட்டவை பீடத்துக்கு ஆகா. தட்டின் ஓரத்தில் ஒட்டி நின்றவை மூன்று. பீடத்துக்கு அப்பங்கள் ஒற்றைப்படையில் வர வேண்டும்; மூன்று போதும். குருவானவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், வழிபாடு நடந்தது. குழந்தைகள் ஓலைச் சிலுவைகளை ஆட்டிக்கொண்டு வீடு சென்றனர்.

அதன் பிறகு குருவானவர் புக்தோர் அவரைத் தனியே அழைத்தார். கூட ஆலயக் குழுவின் ஃபஹீமும் நின்றார்.

"வனீஸு, உன்னைக் குத்தம் சொல்ல வரலைப்பா," என்றார் ஃபஹீம். "ஆனா இன்னிக்கு மூணு மிஞ்சிச்சு. நாளைக்கு ஒண்ணுமே மிஞ்சலேன்னா? பக்கத்து ஊரு ஹன்னா வரேன்னு சொல்றான். வாலிபக் காலு அவனுக்கு."

"பெரிய வியாழன் அடுப்பு உன்னோடதுதான்," என்றார் குருவானவர். "சுவத்தைப் பிடிக்காம நின்னு பிசைஞ்சு, கீழ போடாம கொண்டு வந்துடு. அடுப்பு உன்கிட்டயே இருக்கும். முடியலேன்னா பெருநாள்லேருந்து ஹன்னா பாத்துக்கட்டும். கோவம் இல்லையே?"

"கோவம் எதுக்கு, அபூனா," என்றார் வனீஸ்.

அது மெய். கோபமில்லை; துயரமும் இல்லை. சட்டைப்பைக்குள் சாவியைத் துழாவுவதுபோல் தமக்குள் துயரத்தைத் துழாவிப் பார்த்தார். கை வெறுமையாகத் திரும்பியது. பாதத்தில் தொடங்கிய மரப்பு எப்போதோ படியேறி மார்பை அடைந்துவிட்டதென்று அவர் அப்போதுதான் அறிந்தார். இவ்வாண்டு நோன்புப் பாடல்கள்கூட அவரைத் தொடவில்லை. வாய் பாடியது, காது கேட்டது, நடுவில் ஒருவரும் இல்லை.

வீட்டில் மனைவி மொஹ்ராயில் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். அது வெந்த உருளைக்கிழங்குபோல் வீங்கியிருந்தது.

"இதை எத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருக்கே, மீனாவோட அப்பா?"

"ஒளிக்கலை. சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளான்னிக்கு மின்யா போறோம்."

"பாடுகளோட வாரத்துலயா?"

"ஆமா. நீ இங்கேயே உக்காந்து பாடுபட்டா உனக்கும் கறுப்புத் துணி சுத்தி ஒரு தூண்ல கட்டிவெப்பாங்க. கெளம்பு."

செவ்வாய்க்கிழமை மினிபஸ்ஸில் மணலைத் தின்றுகொண்டே போனார்கள். பட்டறையில் தாங்கிகள் செய்யும் இன்திஸார், தலையில் சாம்பல்நிற முக்காடும் கையில் பிளாஸ்டிக் தூளுமாக எழுந்து வந்தாள்.

"வாங்க வனீஸ் பெரியப்பா! ரெண்டு வாரத்துல வரச் சொன்னேன், ஏழு வாரம் கழிச்சு வர்றீங்க. நடந்து காட்டுங்க."

காலணியோடு நடந்தார். அவள் தரையில் அமர்ந்து பக்கவாட்டில் பார்த்தாள். "அருமையா இருக்கே! முட்டி ஏன் இப்படி வீங்கியிருக்கு?" தாங்கியைக் கழற்றித் தோலில் சிவந்த தடங்கள் உண்டா என்று விரலால் தடவினாள். கருகிய பழைய வடுவில் அவள் விரல் நின்றது. "இது?"

"அடுப்பு."

"அடுப்புக்கிட்ட ஷூ போடாமயா நிக்கறீங்க?"

பெத்லகேமின் முறைகள் வேற்று மதத்துப் பெண்ணிடம் சொல்லும் செய்தியென்று வனீஸுக்குத் தோன்றியதே இல்லை. மொஹ்ராயில்தான் வாய் திறந்தாள்.

"அங்க செருப்புப் போட மாட்டாங்கம்மா. நீங்க மசூதிக்குள்ள கழட்டற மாதிரி. காலையில நாலஞ்சு மணி நேரம் வெறுங்கால்தான்."

இன்திஸார் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த அவருடைய காலணியை எடுத்துக் குதிகாலில் விரல் வைத்து அளந்தாள். இரண்டு விரல் உயரம். பளபளவென்று மெருகேற்றிய பெருநாள் காலணி.

"பெரியப்பா, அளவு எடுக்க வர்றப்ப வேலைக்குப் போடற செருப்பைத்தானே போட்டுட்டு வரச் சொன்னேன்?"

"வேலைக்குச் செருப்பே கெடையாதே. டவுனுக்கு வர்றோமேன்னு நல்லதைப் போட்டுட்டு வந்தேன்."

"நான்தான் மினுக்கி அனுப்பினேன்," என்றாள் மொஹ்ராயில், பாதிப் பெருமையும் பாதிக் கலக்கமுமாக.

"நல்லா மினுக்கினீங்க போங்க!" இன்திஸார் சிரித்தாள், உடனே சிரிப்பை நிறுத்தினாள். "இந்தத் தாங்கி இந்தக் குதிகாலுக்குன்னு அளந்து செஞ்சது. குதிகாலை எடுத்துட்டா கால் பின்னால சாயும், முட்டியைப் பின்னால ஒடிக்கும். ஏழு வாரமா உங்க முட்டியை நீங்களே ஒடிச்சிட்டிருக்கீங்க. வலிக்குதுன்னு ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"நோன்பாச்சேன்னு இருந்துட்டேன்."

"நோன்பு நீங்க இருங்க, பெரியப்பா. அதுல முட்டியை ஏன் சேக்கறீங்க?" கடுமையைக் குறைத்துத் தொடர்ந்தாள்: "என் மேலயும் தப்புதான். எங்கே நின்னு வேலை செய்யறீங்கன்னு நான் கேட்டிருக்கணும்."

வழி எளிதாக இருந்தது. உள்ளே மட்டும் அணிய, தாங்கி நுழையுமளவு அகலமான புதுச் செருப்பு ஒன்று வேண்டும்; குதிகாலில் இரண்டு விரல் உயரத்துக்குக் கெட்டித் தக்கை; இடக்காலுக்கும் அதே உயரம். தக்கையை அவளே சீவிக் கொடுத்தாள். "தினமும் ராத்திரி காலைப் பாருங்க. உங்களுக்குத் தெரியாது, அதனால கண்ணுதான் பாக்கணும். அடுப்புச் சூடும் இனிமே படாது."

"உள்ளே செருப்பா?" என்றார் வனீஸ். மரத்த மனத்தின் அடியில் ஏதோ ஒன்று அசைந்தது. அச்சமாக இருக்கலாம்.

அன்று மாலை மொஹ்ராயில் அவரை இழுத்துக்கொண்டுபோய்க் குருவானவர் முன் நிறுத்தினாள். கறுப்புத் துணி போர்த்திய ஆலயத்தில் செய்தியைச் சொல்லி முடித்தபோது, குருவானவர் புரியாதவர்போல் அவரைப் பார்த்தார்.

"இதுக்கா விழுந்தே? நான் பீடத்துகிட்ட நிக்கறப்ப என் கால்ல என்ன இருக்கு?"

வனீஸ் நினைத்துப் பார்த்தார். வெள்ளைச் செருப்பு. வெண்பட்டில் சிலுவை தைத்தது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார்.

"தெரு படாத செருப்பு, வனீஸு. அவ்வளவுதான் சட்டம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்கற மாதிரி தோணலை, அபூனா."

புதன்கிழமை முழுவதும் மொஹ்ராயில் அந்தத் தக்கைகளை அடியில் வைத்துத் தடித்த வெண்துணியில் ஒரு ஜோடிச் செருப்பு தைத்தாள். ஊசியைத் தலையில் துடைத்துத் துடைத்துத் தைத்தாள். முடித்ததும் செருப்பைத் துணிக்குள் சுற்றி, கைக்குழந்தையைப்போல் ஏந்தி, பெத்லகேமின் வாசலில் நின்று உள்ளே நீட்டினாள். அவை அவ்வாறு தெருவைக் காணாமலே உள்ளே சென்றன.

பெரிய வியாழன் விடிந்தது. காற்று நின்றிருந்தது. மூன்று நாள் குளிர்ந்து கிடந்த அடுப்பை வனீஸ் மூட்டினார். மாவு, நீர், புளித்த மா, உப்பு இல்லை. செருப்புகளை அணிந்து தொட்டியின் முன் நின்றார். கைகள் மாவுக்குள் இறங்கின. உதடுகள் பாடலைத் தொடங்கின.

எப்போது வலிக்கும் என்று முழங்காலைக் கவனித்துக்கொண்டே முதல் அடிகளைப் பாடினார். பிறகு மாவு இறுகியது, அதைக் கவனித்தார். பிறகு நீர் தெளித்தார். ஒரு பாடல் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. மரமுத்திரையை எடுத்து அப்பங்களின் மேல் அழுத்தினார்: நடுவில் பெருஞ்சிலுவை, சுற்றிலும் பன்னிரண்டு சிறு சிலுவைகள். குச்சியால் ஐந்து துளைகள் இட்டார். அடுப்பின் வாயை மூடி நிமிர்ந்தபோதுதான் அறிந்தார்: பாடல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. இடக்கையைப் பார்த்தார். விரல்நுனி முதல் முழங்கைவரை மாவு. சுவரைத் தொட்டிருந்தால் சுவரில் தடம் இருக்கும். சுவர் சுத்தமாக இருந்தது.

மகிழ்ச்சி வரும் என்று சற்று நேரம் காத்திருந்தார். வரவில்லை. முழங்கால் வலிக்கவில்லை, அவ்வளவே. அடுப்பிலிருந்து மணம் எழுந்தது.

ஆலயத்துக்குள் பாதம் கழுவும் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. குருவானவர் கல்தொட்டியின் நீரில் துண்டை நனைத்து, வரிசையில் வந்த ஒவ்வொருவர் பாதத்தையும் துடைத்தார். வனீஸ் போகவில்லை. அடுப்பை விட்டு நகர முடியாது. பட்டைகளை அவிழ்த்து அந்தப் பாதத்தை ஊருக்குக் காட்டவும் மனமில்லை. அப்பங்களை வெளியே எடுத்தார். ஏழு. ஒன்றும் வெடிக்கவில்லை, ஒன்றும் கருகவில்லை. தட்டில் அடுக்கி வெண்துணியை அருகில் வைத்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. குருவானவர் ஒரு கையில் சிறு பாத்திரமும் மறுகையில் ஈரத் துண்டுமாக நின்றார்.

"உக்காரு."

"அபூனா, வேணாம். நேரமாகுது."

"எல்லாருக்கும் செஞ்சாச்சு. நீ மட்டும்தான் பாக்கி. அந்தப் பெட்டி மேல உக்காருப்பா, என் முட்டியும் வலிக்குது."

மாவுப் பெட்டியின் மேல் வனீஸ் அமர்ந்தார். குருவானவர் தரையில் மண்டியிட்டுத் தாங்கியைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பட்டை முதல்ல?"

"மேல இருக்கறது, அபூனா. உங்க பக்கம் இழுங்க."

பட்டைகள் கிழியும் ஓசையோடு பிரிந்தன. வெளிறிய, மெலிந்த, வடு விழுந்த பாதம் குருவானவரின் கையில் கிடந்தது. துண்டு அதன்மேல் சென்றது. நீர் விரலிடுக்குகளில் வழிவதை வனீஸ் கண்ணால் கண்டார், வேறெதனாலும் அறியவில்லை. யாருடைய பாதமோ கழுவப்படுவதுபோல் பார்த்திருந்தார். துண்டு கணுக்காலைக் கடந்து நான்கு விரல் ஏறிய இடத்தில் நீர் இளஞ்சூடாக இருந்தது.

"சூடா இருக்கு," என்றார்.

குருவானவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. உணர்வில்லாத இடத்தையும் உணர்வுள்ள இடத்தையும் ஒரே நிதானத்தோடு துடைத்து முடித்தார். தாங்கியை வைத்துப் பட்டைகளைப் பூட்டி, வெள்ளைச் செருப்பைத் தாமே மாட்டினார்.

வனீஸ் எழுந்தார். வழக்கமாயின் குருவானவரின் கையை முத்தமிட்டிருப்பார். முத்தத்தால் காட்டிக்கொடுக்கப்பட்டவரை நினைக்கும் அந்நாளில் முத்தம் இல்லை. ஆகவே அப்பங்களின் பக்கம் திரும்பினார். வெண்துணியை விரித்து மூடினார். அதன்மேல் விரலால் சிலுவை வரைந்து, தலை தாழ்த்தி, சுவரைப் பிடிக்காமல் நெடுநேரம் நின்றார். பிறகு தட்டை ஏந்தினார்.

வாசற்படியில் குருவானவர் தம் கையை அவர் தலைமேல் வைத்தார்.

"நீ நிக்கற தரை உன்னைத் தாங்கட்டும், வனீஸு. நீ பிசையற மாவு பொங்கட்டும். உனக்குத் தெரியாத எடத்துலயும் கர்த்தர் உன்னைத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும். போய்ட்டு வா, சமாதானத்தோட."