ஐந்தாவது வேலை நாள்

வியாழக்கிழமை காலை. மாசாட்லானில் கடலோர விடுதி ஒன்றின் விற்பனைக் கூடம், பதினான்காம் மேஜை. அங்கே இருந்தவர்கள்:

ஒப்தூலியா, வயது ஐம்பத்தெட்டு. தொரெயோன் நகரத்து ஜீன்ஸ் ஆலையில் இருபத்தேழு வருடம் கடைசி மேஜையில் நின்று தையல் சரிபார்த்தவள்.

லெயோபார்தோ, அவள் கணவன், அறுபத்தொன்பது. டிரெய்லர் ஓட்டியே இடது இடுப்பைத் தேய்த்துத் தீர்த்தவன்.

ஃபப்ரிசியோ, விற்பவன். முப்பது வயது இருக்கும். நல்ல பல்வரிசை. அது அவனுக்கும் தெரியும்.

இன்ஜினியர் பாரகான், ஃபப்ரிசியோவுக்கு மேலே இருப்பவர். எதைக் கட்டிய இன்ஜினியர் என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வந்தார்.

சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அன்று அதிகம் பேசியது அதுதான். உலர்ந்த மாட்டிறைச்சி போட்டுக் கிளறிய முட்டை, பீன்ஸ், கோதுமைத் தோர்த்தியா ரொட்டி, பப்பாளி. கடற்கரைச் சாலையில் ஒருவன் வழிமறித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் காலைச் சாப்பாடு சும்மா என்று சீட்டு கொடுத்திருந்தான். அந்த ஒரு மணி நேரம் மூன்றரை மணி நேரமாக நீண்டது.

விற்பனைக்கு இருந்தது ஒரு வாரம். வருடத்துக்கு ஒரு வாரம் அந்த விடுதியில் தங்கும் உரிமை. ஒரே விலைக்கு இரண்டு விதமாகக் கிடைத்தது. முன் கட்டடத்தில், கடலைப் பார்த்த அறை என்றால் எட்டு வருடம். பின்னால் தோட்டக் கட்டடத்தில் என்றால் முப்பது வருடம். எதை எடுத்தாலும் ஒப்தூலியா ஆலையிலிருந்து வாங்கி வந்த ஓய்வுத் தொகையில் பாதி போய்விடும்.

எதற்காக அந்தப் பணம் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. லெயோபார்தோ இருபத்திரண்டு வருடம் மலைச்சாலை வழியாக இந்தத் துறைமுகத்துக்குச் சுமை கொண்டு வந்திருக்கிறான். இறக்குவான், ஏற்றுவான், திரும்புவான். கடலை அவன் பார்த்ததெல்லாம் வண்டியின் பக்கக் கண்ணாடியில்தான். இப்போது இருநூறு அடி நடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படுக்கையை விட்டு எழுந்து நாலு எட்டு வைத்தால் கடல் தெரிய வேண்டும். வருடத்தில் ஏழு நாள் போதும்.

"எட்டு வருஷம்தான் சரி" என்றாள் ஒப்தூலியா. "கடலைப் பாத்த ரூமு."

ஃபப்ரிசியோ பேனாவை மூடி வைத்தான். "ராணியம்மா, நல்லா யோசிங்க. எட்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். முப்பதுன்னா சொத்து மாதிரி. தலைவரே, நீங்க சொல்லுங்க."

"முப்பது வருஷம் கழிச்சு எனக்குத் தொண்ணூத்தொம்பது" என்றான் லெயோபார்தோ. "என்னை யாரு தூக்கிட்டு வருவா, நீயா?"

"உங்க பொண்ணு வருவாங்க. பேரன் வருவான். பேரைச் சொல்லுங்க, வாரிசுன்னு எழுதிடலாம்."

"அந்தத் தோட்டக் கட்டடம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் ஒப்தூலியா.

"இந்தா இருக்கு. அதுவும் போக, முப்பது வருஷக்காரங்களுக்கு முன் கட்டடத்துல முதல் உரிமை. காலியா இருந்தா உங்களைத்தான் கூப்பிட்டுப் போடுவாங்க. எட்டு வருஷக் காசுக்கு முப்பது வருஷம், கடலும் உங்களுக்கே."

அவள் காகிதத்தைக் கேட்டாள். இருபத்துமூன்று பக்கம். தையலைப் பார்ப்பதுபோல உள்பக்கமாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள். அப்போதுதான் இன்ஜினியர் பாரகான் வந்து லெயோபார்தோவின் நாற்காலி முதுகில் கை வைத்தார். ஒப்தூலியாவை அவர் பார்க்கவே இல்லை.

"என்ன ஃபப்ரிசியோ, இவ்வளவு நேரம்?" என்றார். "வாங்குறவங்களா, இல்ல முட்டை தின்ன வந்தவங்களா?"

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்து மேஜையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். லெயோபார்தோவின் கழுத்து சிவந்தது. தொரெயோன் போன்ற வடக்குப் பாலைவனத்து ஆட்களை எப்படியும் திட்டலாம், சோற்றுக்கு அலைகிறவன் என்று மட்டும் சொல்லக்கூடாது. அடுத்தவன் மேஜையில் தின்றுவிட்டு வெறுங்கையோடு எழுந்திருப்பதைவிட அவர்களுக்குக் கேவலம் வேறு இல்லை. பாரகானுக்கு இது தெரியும். தெரிந்துதான் தொரெயோன், சீவாவா, துராங்கோ ஊர்க்காரர்களாகப் பார்த்துச் சீட்டு கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"பேனாவைக் கொடு" என்றான் லெயோபார்தோ.

"இரு கிழவா, நான் இன்னும் படிக்கலை."

"முப்பதே போடு. கிழவி, போதும். சாப்பிட்டாச்சுல்ல."

கையெழுத்துப் போட்டார்கள், ஒப்தூலியா முன்பணம் கட்டினாள், கை குலுக்கினார்கள். சின்னக் கோப்பையில் தெக்கீலா வந்தது. ஃபப்ரிசியோ மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டிவிட்டு, அன்பளிப்பு என்று ஓர் உறை கொடுத்தான். அன்று முதல் அடுத்த வெள்ளிக்கிழமை காலை வரை எட்டு இரவு தோட்டக் கட்டடத்தில் தங்கல் இலவசம். போதாததற்கு, அடுத்த வியாழக்கிழமை கல் தீவுக்குப் படகுப் பயணம், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை.

"பாத்தியா, தாராளமான ஆளுங்க" என்றான் லெயோபார்தோ.

தோட்டக் கட்டடம் 'இந்தா' இல்லை. ஒப்தூலியா எண்ணிக்கொண்டே நடந்தாள். நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், சமையலறையின் பின்வாசல், சாலைக்கு மேல் ஒரு நடைபாலம், அதற்கு முப்பத்தாறு படி. மணலுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. அறையின் ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்தின் புகைபோக்கி. தோட்டம் என்பது தொட்டியில் வைத்த மூன்று பனைச்செடி.

வெள்ளிக்கிழமை அவள் வரவேற்பு மேஜைக்குப் போய் முன் கட்டடத்தில் அறை காலியா என்று கேட்டாள். இல்லை. சனிக்கிழமையும் இல்லை. செவ்வாய்க்கிழமை அங்கே நான்காவது மாடியில் வரிசையாகப் பதினோரு பால்கனியில் ஒரு துண்டுகூடக் காயவில்லை. அதைச் சொன்னாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் களைத்துப் போயிருந்தான். "சென்யோரா, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. அது டாலர்ல வாங்குறவங்களுக்கு. பச்சைப் பட்டைக்குக் கொடுத்து நான் பாத்ததில்ல."

அந்த ஐந்து நாளில் லெயோபார்தோ இரண்டு தடவைதான் பாலம் ஏறினான். இரண்டாவது தடவை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "இங்கேருந்தே வாசனை வருது" என்றான். டீசல் புகைதான் வந்துகொண்டிருந்தது. ஒப்தூலியாவுக்கு, படிக்காமல் விட்ட காகிதம் அன்றுதான் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை மாலை, அவன் தூங்கிக்கொண்டிருக்கையில், அந்த இருபத்துமூன்று பக்கத்தையும் கட்டிலில் பரப்பினாள். ஏழாம் பக்கம்: முன் கட்டடம், 'நிர்வாகம் தன் விருப்பப்படி ஒதுக்கினால்'. பன்னிரண்டாம் பக்கம்: விடுதி எப்போது வேண்டுமானாலும் 'அதற்கு நிகரான வேறு இடத்தில்' தங்கவைக்கலாம். பதினாறாம் பக்கம்: வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் முப்பது வருடமும் கட்டாயம், வாங்கியவர் இறந்தால் வாரிசு கட்ட வேண்டும். வாரிசு என்ற இடத்தில் அவர்கள் மகளின் பெயர், லெயோபார்தோ ஆசையாக எழுத்துக்கூட்டிச் சொன்ன பெயர். பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில், கண்ணை இடுக்கிப் படிக்கும் எழுத்தில்: வாங்கியவர் காரணம் சொல்லாமல் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

விரல் விட்டு எண்ணினாள். வெள்ளி ஒன்று. சனி ஞாயிறு சேராது. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் நான்கு, வியாழன் ஐந்து.

பிறகு அன்பளிப்பு உறையை எடுத்தாள். வியாழன். படகு. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. விற்பனை அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும்.

ஆலையில் இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ மோசமான வேலையைப் பார்த்திருக்கிறாள். கோணல் தையல், விட்ட தையல், ஓட்டையை மறைக்க மேலே ஒட்டிய சின்னம். அவையெல்லாம் அசிரத்தை. இது அசிரத்தை இல்லை. ஒருவன் உட்கார்ந்து நாள் எண்ணி, சரியாக அந்த நாளில் கிழவனையும் கிழவியையும் படகில் ஏற்றித் தீவுக்கு அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறான். அதற்கு அன்பளிப்பு என்று பெயரும் வைத்திருக்கிறான்.

லெயோபார்தோவை எழுப்பினாள். அவன் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

"கை கொடுத்துட்டேனே" என்றான்.

"அவன் கையில என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?"

"சாப்பிட்டோம், குடிச்சோம், ஆறு நாளா அவங்க கட்டில்ல படுத்திருக்கோம். இப்பப் போயி வேணாம்னா என்ன நெனைப்பான்?"

"பாதிப் படியில உக்காந்தியே கிழவா, அப்ப அவன் உன்னைப் பத்தி என்ன நெனைச்சான்?"

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "பெட்டியைக் கட்டு" என்றான்.

காலையில் படகுக்கு அழைத்துப்போகும் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர்கள் போகவில்லை. கடிதத்தைக் கையால் எழுதி, நகல் எடுத்து, பெட்டிகளோடு ஒன்பதரைக்கு விற்பனைக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். மேஜைகள் நிறைந்திருந்தன. முட்டை, பீன்ஸ், பப்பாளி. அதே வாசனை.

மூலையில் அலுவலகப் பெண் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "சரிம்மா, வெச்சுட்டுப் போங்க."

"நகல்ல 'பெற்றுக்கொண்டோம்'னு முத்திரை போடு. தேதியோட."

"முத்திரை இன்னைக்கு இல்லை. நாளைக்கு வாங்க."

முத்திரை இல்லாமல் ஒரு காகிதத்தைக் கொடுப்பதும் அதைக் கிணற்றில் போடுவதும் ஒன்று. அந்த நாட்டில் ஓய்வூதிய வரிசையில் ஒரு நாள் நின்றவர்களுக்கும் இது தெரியும். ஒப்தூலியா கடிதத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

ஃபப்ரிசியோ விரைந்து வந்தான். "ராணியம்மா, படகை விட்டுட்டீங்களே. தலைவரே, என்ன இது, குடும்பத்துல சண்டையா? வாங்க, உக்காருங்க, காபி சொல்றேன்."

"காபி வேணாம். முத்திரை."

"மேடம், கொஞ்சம் வெளியில போயி பேசலாமே."

அவள் வெளியில் போகவில்லை. பக்கத்து மேஜைக்குப் போனாள். அங்கே தொப்பி வைத்த ஒருவரும் அவர் மனைவியும் வாயில் தோர்த்தியாவோடு நிமிர்ந்தார்கள். "நிம்மதியா சாப்பிடுங்க" என்று முறையாகச் சொன்னாள். பிறகு பத்தொன்பதாம் பக்கத்தை விரித்துப் படித்தாள். கத்தவில்லை. இருநூறு தையல் இயந்திரத்துக்கு மேலே கேட்கிற குரல் அது, கத்தத் தேவையில்லை. பத்தொன்பது முடிந்ததும் ஏழு. ஏழு முடிந்ததும் பதினாறு.

"உங்களுக்குப் படகு என்னைக்குன்னு சொன்னாங்க?" என்று தொப்பிக்காரரிடம் கேட்டாள்.

"அடுத்த வியாழன்" என்றார் அவர். மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று மேஜை தள்ளி ஒரு பெண் எழுந்து கைப்பையை மாட்டினாள்.

இன்ஜினியர் பாரகான் வந்தார். இந்தத் தடவை ஒப்தூலியாவைப் பார்த்தார். ஆனால் பேசியது லெயோபார்தோவிடம், கூடமே கேட்கும்படி. "அன்னைக்கே சொன்னேன். முட்டை தின்ன வந்தவங்க."

லெயோபார்தோ தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மெதுவாக எழுந்தான், ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு. பணப்பையை எடுத்து ஐந்நூறு பேசோ நோட்டு ஒன்றை பாரகானின் சட்டைப் பையில் செருகினான். பிறகு அந்தப் பையை ஒரு தடவை தட்டிவிட்டான்.

"ரெண்டு பேரோட முட்டைக்கு" என்றான். "மிச்சத்தை நீங்களே வெச்சுக்குங்க இன்ஜினியர். உங்களுக்குத்தான் தேவைப்படுது. இப்ப முத்திரையைத் தேடுங்க. இல்லேன்னா எம்பொண்டாட்டி அடுத்த மேஜைக்குப் போவா. அவளுக்கு ரிட்டயர்மெண்ட், நாள் பூரா நேரம் இருக்கு."

முத்திரை இரண்டு நிமிடத்தில் கிடைத்தது, மேஜையின் முதல் இழுப்பறையில். ஒப்தூலியா தேதியைச் சரிபார்த்தாள், கையெழுத்தைச் சரிபார்த்தாள், மை காயும்வரை ஊதினாள். அவள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது கடிதத்திலேயே இருந்தது. அந்த வரியின் மேலும் ஒரு முத்திரை போடச் சொன்னாள். போட்டார்கள்.

அலுவலகப் பெண் கத்தரிக்கோலோடு வந்து இருவரின் பச்சைப் பட்டையையும் வெட்டினாள். குனிந்து வெட்டும்போது, யாருக்கும் கேட்காத குரலில், "எங்கம்மாவுக்கும் ஒண்ணு வித்தாங்க" என்றாள்.

"அப்ப நீ இங்க என்ன பண்ற?" என்றாள் ஒப்தூலியா. அந்தப் பெண் வெட்டிய பட்டைகளைக் குப்பையில் போட்டாள்.

முன்வாசல் வழியாக விடவில்லை. ஃபப்ரிசியோ அவர்களைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், சரக்கு இறக்கும் சந்தில் ஓர் இரும்புக் கதவைக் காட்டினான். இப்போது ராணியம்மாவும் இல்லை, தலைவரும் இல்லை.

லெயோபார்தோ வாசற்படியில் நின்றான். "பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"ராத்திரி எட்டு."

"அதுவரைக்கும்?"

"சந்து முனையில டாக்சியைப் பிடிச்சு, மீன் சந்தைக்கிட்ட மணல்லயே போயி நிக்கச் சொல்லலாம். அங்க எறால் விக்கிறவ நாற்காலி போடுவா. கடலுக்கு ஒப்பந்தம் வேணாம்."

"ஒரு நாள்தான்" என்றான் அவன்.

"ஒரு நாள்தான்" என்றாள் அவள். அவள் குரலில் இன்னும் கோபம் தணியவில்லை. பெட்டியைத் தூக்கி முதலில் அவள் இறங்கினாள். அவன் கம்பியைப் பிடித்து இடது காலை வைத்தான், பிறகு வலது காலை. இரண்டாவது கால் தரையில் படுமுன்பே பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே சாவி இரண்டு சுற்று சுற்றியது.